தட்டுக் கழுவிய காசில் ஸ்பெயின்

மொத்தம் 455 யூரோ. மான்செஸ்டரிலிருந்து போய்வந்த விமானக் கட்டணமும் இதில் அடக்கம். எட்டு இரவு, ஒன்பது பகல், நான்கு ஊர்கள். ஒரு யூரோவை ஐந்து வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 2,275 வெள்ளி. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், ஸ்பெயினில் எடுத்த படத்தைக் குடும்பப் புலனக் குழுவில் போட்ட அன்று, ஊர் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. “படிக்கப் போன பிள்ளைக்கு ஊர் சுத்த ஏதும்மா காசு?” என்று அத்தைதான் முதலில் கேட்டார். அதற்குப் பெரியப்பா ஒரு கட்டை விரலைப் போட்டார்.

அத்தை கேட்டது நியாயமான கேள்வி. அப்பா லோரி ஓட்டிச் சேர்த்த சேமநிதியிலிருந்து கல்விக்கென்று எடுத்த பணத்தில்தான் என் முதல் ஆண்டுக் கட்டணம் கட்டப்பட்டது. இந்தப் பத்தியைப் படிக்கும் பல வீடுகளில் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கும். வீட்டை அடமானம் வைத்திருப்பார்கள், நகையை வைத்திருப்பார்கள், அண்ணன் தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருப்பார். அப்படி அனுப்பப்பட்ட பிள்ளை, விடுமுறையில் ஐரோப்பா சுற்றலாமா? சுற்றலாம் என்பது என் கட்சி. ஆனால் அந்தப் பணத்தில் அல்ல.

இங்கே மாணவர் விசாவில் இருப்பவர்கள் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நான் சனி, ஞாயிறுகளில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் தட்டுக் கழுவுகிறேன். மணிக்குப் பதினொன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. அப்பா அனுப்பும் பணம் ஒரு கணக்கில், தட்டுக் கழுவும் பணம் வேறொரு கணக்கில். இரண்டும் கலக்கக்கூடாது என்று அக்டோபரிலேயே முடிவு செய்துகொண்டேன். 455 யூரோ என்பது ஏறக்குறைய 34 மணி நேரத் தட்டு. பயணம் முழுக்க என் மனத்தில் ஓடியது யூரோவும் இல்லை, வெள்ளியும் இல்லை. மணி நேரம்தான். ஒரு காப்பி என்றால் பத்து நிமிடம். விடுதியில் ஓர் இரவு என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இப்படிப் பார்க்கப் பழகிவிட்டால் எது வேண்டும், எது வேண்டாம் என்பது சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

ஜனவரி கடைசியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தேர்வு முடிந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதுவே பாதிச் செலவைக் குறைத்தது. ஈஸ்டருக்கும் கோடைக்கும் எகிறும் விடுதிக் கட்டணம் அப்போது தரையில் கிடந்தது. ஆறு பேர் தங்கும் பெண்கள் அறையில் ஒரு கட்டில், சராசரியாக 19 யூரோ. மலிவு விமானத்தில் இருக்கைக்கு அடியில் நுழையும் பை மட்டும்தான் இலவசம். ஆகவே இரண்டு கால்சட்டை, நான்கு சட்டை, அம்மா அனுப்பிய நெத்திலிச் சம்பல் ஒரு சின்ன டப்பா. திரவமும் விழுதும் நூறு மில்லிக்கு மேல் கைப்பையில் கொண்டுபோக முடியாது என்பதால் சம்பலை எண்ணெய் வடித்து, அழுத்தி அடைத்தேன்.

எங்களோடு இன்னொருத்தி வந்திருக்க வேண்டும். என் வகுப்புத் தோழி, கோயம்புத்தூர்க்காரி. ஸ்பானிய மொழி கொஞ்சம் படித்தவள், கணக்கில் என்னைவிடக் கெட்டி. நம் சிவப்புக் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. அவளுக்குத் தேவை. விண்ணப்பக் கட்டணம் மட்டும் 90 யூரோ. அதைக் கட்டுவதற்கும் அவள் தயார். விண்ணப்பம் கொடுக்கும் மையத்தில் தேதி கிடைத்தால்தானே? நவம்பரிலிருந்து இரவு பன்னிரண்டு மணிக்கு எழுந்து எழுந்து பார்த்தாள். ஒரே வகுப்பு, ஒரே விடுதி, ஒரே உணவகத்தில் ஒரே தொட்டி. கடைசியில் நானும் ஈப்போவைச் சேர்ந்த என் சீன அறைத்தோழியும் மட்டும்தான் கிளம்பினோம். குடிநுழைவு அதிகாரி என் கடப்பிதழைப் புரட்டி முத்திரை குத்த அரை நிமிடம்கூட ஆகவில்லை.

முதல் ஊர் மாட்ரிட். அங்கே முதலில் பிடிபட வேண்டியது கடிகாரம். மாட்ரிட், மான்செஸ்டருக்கும் மேற்கே இருக்கிறது. நியாயப்படி இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். ஆனால் 1940இல் ஃபிராங்கோ ஆட்சி ஸ்பெயினின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனியோடு சேர்த்தது. போர் முடிந்தும் திருப்பி வைக்கவில்லை. அதனால் ஜனவரியில் எட்டரை மணிக்குத்தான் விடிகிறது. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. நமக்கு இது புதிதில்லை. 1982இல் தீபகற்ப மலேசியா அரை மணி நேரம் முன்னே தள்ளிச் சபா, சரவாக்கோடு சேர்ந்துகொண்டது, சிங்கப்பூரும் பின்தொடர்ந்தது. இருட்டில் பள்ளிப் பேருந்துக்கு நின்ற தலைமுறை நாம்.

இந்தக் கடிகாரத்துக்குள்தான் ஸ்பெயினில் மலிவெல்லாம் ஒளிந்திருக்கிறது. மதியம் ஒன்றரை முதல் நாலு வரை, சாதாரணத் தெருமுனை உணவகங்களின் வாசலில் ஒரு கரும்பலகை வைத்திருப்பார்கள். ‘மெனு தெல் தியா’, அதாவது அன்றைய சாப்பாடு. முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்போ காப்பியோ. நாங்கள் கொடுத்தது 12 முதல் 14 யூரோ. ஒரு மணி நேரத் தட்டுக்கு ஒரு முழுச் சாப்பாடு. 1960களில் சுற்றுலாப் பயணிகளுக்காக அரசாங்கம் கொண்டுவந்த ஏற்பாடு இது. இன்றைக்கு அதில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் பக்கத்து அலுவலகத்துக்காரர்களும் கட்டடத் தொழிலாளிகளும்தான். நம்மூரில் மதியம் வாழை இலைக் கடைக்குப் போகும் அதே கூட்டம். இதே கடையில் இரவு எட்டு மணிக்கு மேல் தனித்தனியாகச் சொல்லிச் சாப்பிட்டால் இரண்டு மடங்கு ஆகும். ஆகவே எங்களுக்கு மதியம்தான் விருந்து. இரவில் பேரங்காடியில் வாங்கிய ரொட்டி, தக்காளி, பாலாடைக்கட்டி, நெத்திலிச் சம்பல். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். 2022இல் வந்த சட்டப்படி, உணவகத்தில் கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும். மாட்ரிட் குழாய்த் தண்ணீர் அருமையாகவே இருக்கிறது.

சாப்பாட்டில் நம் வீட்டுப் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சில சொற்கள் உண்டு. ‘தெர்னேரா’ என்றால் மாட்டிறைச்சி. ‘செர்தோ’ பன்றி. ‘போயோ’ கோழி. ‘பெஸ்காதோ’ மீன். ‘ஹமோன்’ என்பது உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை. கடைக் கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கும். எங்கள் வீட்டில் மாடு சாப்பிடுவதில்லை, அந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டதே போதுமாக இருந்தது. சைவக்காரர்களுக்குத்தான் பாடு. ‘சின் கார்னே’, இறைச்சி இல்லாமல் என்று கேட்டால், ஹமோன் தூவிய கீரையோ சூரை மீன் போட்ட சாலாட்டோ வந்து நிற்கும். அவர்கள் கணக்கில் அதெல்லாம் இறைச்சியில் சேராது போலிருக்கிறது. பருப்புச் சூப் என்று நம்பிக் கேட்டாலும் அடியில் பன்றித் தொத்திறைச்சி கிடக்கலாம். உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் சுடும் தடித்த ‘தோர்த்தியா’தான் முட்டை சாப்பிடுகிறவர்களுக்குத் துணை.

மாலையானால் அருங்காட்சியகம். பிராடோவில் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரையும், ஞாயிற்றுக்கிழமை 5 முதல் 7 வரையும் கட்டணமில்லை. 18 முதல் 25 வயதுக்குள் மாணவராக இருந்தால் அட்டையைக் காட்டி எந்த நேரத்திலும் இலவசமாகப் போகலாம். நான் மூன்று நாளும் போனேன். முதல் நாள் வெளியே குளிர் தாங்காமல் போனது உண்மை. காசு கொடுத்துப் போகிறவர்கள், கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அறை அறையாக ஓடுகிறார்கள். இலவசமாகப் போகிறவருக்கு அந்த அவசரம் இல்லை. ஒரே ஓவியத்தின் முன்னால் அரை மணி நேரம் உட்காரலாம். நான் உட்கார்ந்தது கோயாவின் நாய் முன்னால். வயதான காலத்தில், 1819க்கும் 1823க்கும் இடையில், தன் வீட்டுச் சுவர்களிலேயே அவர் வரைந்த 14 கறுப்பு ஓவியங்களில் ஒன்று. பெரிய மஞ்சள் வெற்றிடம். கீழே, சேற்றிலோ மணலிலோ தெரியவில்லை, ஒரு நாயின் தலை மட்டும் மேலே பார்க்கிறது. யாருக்கும் காட்டுவதற்காக வரைந்ததில்லை என்கிறார்கள். படம் எடுக்கவும் விடமாட்டார்கள். அது நல்லதுதான்.

‘கெர்னிகா’ ரெய்னா சோபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே செவ்வாய் விடுமுறை. திங்களும், புதன் முதல் சனி வரையும், மாலை 7 முதல் 9 வரை இலவசம். 1937இல் ஒரு சந்தை நாளில் பாஸ்க் நாட்டு ஊரொன்றின் மீது ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டதைப் பிக்காசோ அதே ஆண்டில் வரைந்தார். ஏறக்குறைய எட்டு மீட்டர் அகலம். ஸ்பெயினில் ஜனநாயகம் திரும்பும்வரை அந்த ஓவியமும் திரும்பக்கூடாது என்று சொல்லிவிட்டார். 1981இல்தான் அது நியூயார்க்கிலிருந்து வந்தது. அறை நிறையக் கூட்டம், யாரும் பேசவில்லை.

பார்சிலோனாவுக்குப் போகவில்லை. ஸ்பெயினுக்குப் போய்விட்டுச் சக்ராடா ஃபமீலியாவைப் பார்க்காமலா என்று எல்லோரும் கேட்டாகிவிட்டது. அந்தத் தேவாலயத்துக்குள் போக 26 யூரோ, ஏறக்குறைய இரண்டு மணி நேரத் தட்டு. விடுதியும் மற்ற ஊர்களைவிட விலை அதிகம். அதையும் சேர்த்திருந்தால் ஒன்பது நாளில் ஐந்து ஊர் ஆகியிருக்கும். ஐந்து ஊர் பார்ப்பது பேருந்து நிலையங்களைப் பார்ப்பதுதான். தெற்கே போவது என்று முடிவு செய்தோம்.

மாட்ரிட்டிலிருந்து கிரனாடாவுக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம். இரவுப் பேருந்து ஏறினால் ஒரு நாள் விடுதிக் காசு மிச்சம் என்று சிக்கனப் பயணிகள் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விடியாத நேரத்தில் தெரியாத ஊர்ப் பேருந்து நிலையத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் குளிரில் உட்கார்ந்திருப்பது சிக்கனமாகத் தோன்றவில்லை. அடுத்த பகல் முழுக்கத் தூக்கக் கலக்கம் வேறு. பகலில் போனோம். அப்படிப் போனதால்தான் ஹாயென் மாநிலத்தைப் பார்க்க முடிந்தது.

மலைக்கணவாயைத் தாண்டி அந்தலூசியாவுக்குள் இறங்கியதும் ஆலிவ் மரங்கள் தொடங்கின. தொடங்கியவை ஒன்றரை மணி நேரத்துக்கு முடியவே இல்லை. மேடு, பள்ளம், மலைச்சரிவு, எங்கு பார்த்தாலும் நேர்க்கோட்டில் நட்ட மரங்கள். அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 60 மில்லியனுக்கு மேற்பட்ட ஆலிவ் மரங்கள் என்கிறார்கள். உலகத்திலேயே அதிகம் ஆலிவ் எண்ணெய் எடுக்கும் நாடு ஸ்பெயின், அதில் பெரும்பங்கு இங்கிருந்துதான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஜொகூர் பக்கம் போயிருப்பவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. செம்பனைக்குப் பதில் ஆலிவ், அவ்வளவுதான்.

எங்கள் தாத்தா குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். பாட்டி பின்னாலேயே போய் உதிரிப் பழம் பொறுக்கியவர். ஜனவரி, ஆலிவ் அறுவடைக் காலம். மரத்தடியில் வலையை விரித்துவிட்டு, நீண்ட கோலால் கிளையை அடிக்கிறார்கள். சில இடங்களில் இயந்திரம் மரத்தையே பிடித்துக் குலுக்குகிறது. வலைக்கு வெளியே தெறித்ததை ஓர் ஆள் குனிந்து பொறுக்குகிறார். பேருந்து ஒரு வளைவில் வேகம் குறைத்தபோது அவர்கள் முகம் தெரிந்தது. ஆப்பிரிக்கர்கள். அறுவடைக்கென்று மொரோக்கோவிலிருந்தும், சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளிலிருந்தும் வருகிறவர்கள் நிறையப் பேர் என்று பக்கத்து இருக்கை அம்மா கைச்சைகையிலும் கைப்பேசி மொழிபெயர்ப்பிலுமாகச் சொன்னார். நான் சன்னலுக்கு உள்ளே இருந்தேன். என் அறைத்தோழி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று இரவு அம்மாவை அழைத்தபோது, மாட்ரிட் அரண்மனையைப் பற்றிச் சொன்னதையெல்லாம் ‘ம்’ கொட்டிக் கேட்டவர், இந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, “வலை போட்டா பொறுக்குறாங்க? நம்ம பாட்டிக்கு அந்த வலைகூட இல்லையே” என்றார்.

கிரனாடாவில் அல்ஹாம்ப்ரா. இந்தப் பயணத்தில் நுழைவுக் கட்டணம் என்று நான் கொடுத்த ஒரே காசு இதற்குத்தான், 20 யூரோ. ஒன்றரை மணி நேரத் தட்டு, ஒரு நிமிடம்கூட வருத்தமில்லை. சீட்டில் நம் பெயரும் கடப்பிதழ் எண்ணும் இருக்கும். உள்ளே இருக்கும் நஸ்ரித் அரண்மனைக்குக் குறித்த நேரத்தில் போயாக வேண்டும். போய் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துப் போகாதீர்கள், குளிர்காலத்திலும் முன்கூட்டியே விற்றுத் தீர்ந்துவிடுகிறது. நாங்கள் டிசம்பரிலேயே வாங்கிவிட்டோம்.

சுவரெல்லாம் எழுத்து. ‘இறைவனைத் தவிர வெற்றியாளர் எவரும் இல்லை’ என்னும் அரபு வாசகம், அந்த அரச வம்சத்தின் வாசகம், சுண்ணச் சாந்தில் மீண்டும் மீண்டும் பொறித்திருக்கிறது. 1492 ஜனவரி 2ஆம் தேதி அந்த வம்சத்தின் கடைசி அரசர் இந்த ஊரை ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். எழுத்து அப்படியே நிற்கிறது. நம் ஊர் மசூதிகளில் பார்த்துப் பழகிய எழுத்து என்பதால் எனக்கும் அறைத்தோழிக்கும் அது அந்நியமாகத் தெரியவில்லை. எதிரே அல்பைசின் குன்றின் மேலே ஒரு சின்னச் சதுக்கம் இருக்கிறது. அங்கே மாலையில் போய் நின்றால் அரண்மனை முழுதும், அதற்குப் பின்னால் பனி மூடிய சியரா நெவாடா மலையும் தெரியும். அதற்குக் காசில்லை. பையை மட்டும் முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

கிரனாடாவின் இன்னொரு புகழ், பானம் ஒன்று வாங்கினால் கூடவே வரும் இலவசத் தின்பண்டம். ‘தாப்பா’ என்கிறார்கள். மது அருந்தாதவர்களுக்குக் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். ‘மோஸ்தோ’ என்று புளிக்காத திராட்சைச் சாறு உண்டு, அதற்கும் வரும். மூன்று கடை, மூன்று மோஸ்தோ, மூன்று சிறு தட்டு. முதல் தட்டில் பொரித்த மீன், இரண்டாவதில் உருளைக்கிழங்கு, மூன்றாவதில் தேன்பாகு ஊற்றிய பொரித்த கத்தரிக்காய். எட்டு யூரோவில் இரவுச் சாப்பாடு முடிந்தது. அன்று சம்பலுக்கு ஓய்வு.

கோர்டோபாவில் ஒரே இரவுதான் தங்கினோம். வந்ததே ஒரு மணி நேரத்துக்காக. அங்குள்ள மெஸ்கீட்டா என்னும் பெரும் மசூதி இன்று கத்தோலிக்கப் பேராலயம். நாங்கள் போனபோது பகலில் 13 யூரோ. திங்கள் முதல் சனி வரை காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை தனியாக வருகிறவர்களுக்கு இலவசம். குழுக்களை அப்போது விடுவதில்லை, அதனால் கூட்டமும் இல்லை. நான் முன்பு சொன்ன கடிகாரத்தின்படி எட்டரை என்பது விடியும் நேரம். உள்ளே போனபோது பாதி இருட்டு. 850க்கு மேற்பட்ட தூண்கள், மேலே சிவப்பும் வெள்ளையுமாக இரட்டை வளைவுகள், தூண்களுக்குப் பின்னால் தூண்கள். எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி இருநூறு ஆண்டுகளில் கட்டிப் பெருக்கியது. 1236இல் நகரம் கைமாறியபோது தேவாலயமாக்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் நடுவில் இருந்த தூண்களை அகற்றிவிட்டு ஒரு முழுப் பேராலயத்தை நட்டார்கள். இருட்டான தூண் காட்டுக்குள் நடந்து நடந்து, திடீரென்று வெள்ளை வெளேரென்று ஒரு தேவாலயத்துக்குள் நிற்கிறோம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒட்டவில்லை. அறைத்தோழிக்கு நேர்மாறு. அவள் கிறிஸ்தவள், அங்கேதான் நீண்ட நேரம் நின்றாள். ஒன்பதரைக்குக் காவலர்கள் மெதுவாக எல்லோரையும் வாசல் பக்கம் ஒதுக்கினார்கள். வெளியே வந்தபோதுதான் சூரியன் நன்றாக ஏறியிருந்தது.

கடைசி ஊர் செவில். தெருவெல்லாம் ஆரஞ்சு மரம், ஜனவரியில் எல்லா மரத்திலும் காய். யாரும் பறித்துத் தின்பதில்லை, ஏனென்றால் கசக்கும். இங்கிலாந்தில் காலை ரொட்டிக்குத் தடவும் கசப்பு மர்மலேடுக்கு இந்தப் பழம்தான் போகிறது. ஸ்பானிய மொழியில் ஆரஞ்சுக்கு ‘நரஞ்ஹா’. அந்தச் சொல் அரபிலிருந்து வந்தது, அரபுக்குப் பாரசீகத்திலிருந்து, அங்கே சமஸ்கிருதத்திலிருந்து, அதற்கும் மூலம் திராவிடம் என்று அகராதிகள் கொண்டுபோய் நிறுத்துகின்றன. நம் நாரத்தைதான். கீழே விழுந்திருந்த ஒன்றைக் கீறி மோந்து பார்த்தேன். அம்மா கூட இருந்திருந்தால் நார்த்தங்காய் ஊறுகாய்க்கு ஒரு பை நிறையப் பொறுக்கியிருப்பார்.

பேராலயத்துக்குப் பக்கத்தில் இந்தியத் தீவுகளின் ஆவணக் காப்பகம் என்று ஒரு கட்டடம். ஸ்பெயின் பேரரசின் 80 மில்லியன் பக்க ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. நுழைவு இலவசம், திங்கள் விடுமுறை. பேராலயத்தின் நீண்ட வரிசையில் நிற்பவர்கள் பலர் இந்த வாசலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் நம் ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டிய ஊர் இது. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அந்தப் படையில் இருந்தவர் மகெல்லன். அங்கே ஓர் இளைஞனை அடிமையாக வாங்கி, என்ரிகே என்று பெயர் வைத்துக் கூட்டிப் போனார். எட்டு ஆண்டு கழித்து, 1519 ஆகஸ்டில், ஐந்து கப்பல்கள் இந்தச் செவில் நகரிலிருந்து ஆற்று வழியாகக் கிளம்பியபோது என்ரிகேயும் அதில் இருந்தான். தான் இறந்தால் அவனுக்கு விடுதலை என்று மகெல்லன் அந்த மாதம் எழுதிய உயிலில் இருக்கிறது, மலாக்காவில் பிறந்தவன் என்றும் குறித்திருக்கிறது. சுமத்திராக்காரன் என்கிறார் கூடவே போன பிகஃபெட்டா. 1521இல் பிலிப்பீன்ஸ் தீவுகளை அடைந்தபோது, கரையில் இருந்தவர்களிடம் என்ரிகே பேசிய மலாய் அவர்களுக்குப் புரிந்தது. மேற்கே போய்க்கொண்டே இருந்தவன், தன் மொழி புரியும் இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டான். மகெல்லன் கொல்லப்பட்ட பிறகு, உயிலில் இருந்த விடுதலையை அடுத்த தலைவர்கள் தர மறுத்தார்கள். செபுவில் நடந்த ஒரு விருந்துப் படுகொலைக்குப் பின் அவனைப் பற்றி உறுதியான செய்தி இல்லை. 1522இல் ஒரே ஒரு கப்பல், கிராம்பு மூட்டைகளோடும் 18 ஐரோப்பியர்களோடும் செவிலுக்குத் திரும்பியது. உலகத்தைச் சுற்றியவர்கள் என்ற பெயர் அந்தப் பதினெட்டுப் பேருக்கு. நம் மலாய் இலக்கியம் அவனைப் பங்லிமா ஆவாங் என்று அழைக்கிறது. இடைநிலைப் பள்ளியில் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆற்றங்கரையில் தங்கக் கோபுரத்துக்குக் கீழே உட்கார்ந்து, கடைசி ரொட்டியில் கடைசிச் சம்பலைத் தடவியபோது, அறைத்தோழியிடம் இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். “அவனுக்குச் சம்பளம் கொடுத்தார்களா?” என்று கேட்டாள்.

அத்தைக்கு விவரமாகவே அனுப்பினேன். விடுதி 152 யூரோ, விமானம் 58, ஊர் விட்டு ஊர் பேருந்து 51, சாப்பாடு 144, நுழைவு 20, உள்ளூர்ப் போக்குவரத்து 20, சில்லறை 10. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. “சாப்பாட்டுல ரொம்பப் பிடிச்சிட்டியே, உடம்பு என்னத்துக்கு ஆகும்?”

கோயம்புத்தூர்த் தோழிக்கு ஒருவழியாக ஏப்ரலில் விசா மையத்தில் தேதி கிடைத்திருக்கிறது. அவளுக்காகப் பேருந்து நேரங்கள், இலவச நேரங்கள், சைவச் சாப்பாடு கிடைத்த கடைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் சைவம், அதனால் செவிலில் கொண்டைக்கடலையும் கீரையும் சீரகம் போட்டுச் செய்யும் கூட்டுக்கு மட்டும் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். கோர்டோபாவில் ஞாயிற்றுக்கிழமை அந்த இலவச ஒரு மணி நேரம் கிடையாது என்பதையும். அதுவரை சனிக்கிழமை தொட்டியில் என் பங்கு வேலையையும் அவளே எடுத்துக்கொள்கிறாளாம். காசு சேர வேண்டுமே.